தகரம் தெரியும் வரை

மத்தியானம் இரண்டு மணி. கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிப் போகும் ரோடு.

ஏன் சிரிக்கிறாய், வலியுல்லா? பேய் என்றால் நடுராத்திரியும் புளியமரமும்தான் வேண்டுமா? அதெல்லாம் உன் முறை வரும்போது வைத்துக்கொள். நான் சொல்வது மே மாத மத்தியானம். தார் இளகி, செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில். ரோட்டில் நாய்கூடக் கிடையாது. அந்த நேரத்தில் அங்கே தனியாக நின்று பார்த்துவிட்டு வந்து அப்புறம் சிரி.

கரண்ட் வர நேரமாகும் என்று கீழே வாட்ச்மேன் சொல்லிவிட்டார். இந்த மேன்ஷன் மொட்டை மாடியில் கொசு கடித்தாலும் காற்றாவது வருகிறது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். டார்ச்சை அணையுங்கள், செல் தீர்ந்துவிடும்.

எங்கள் ஆபீஸ் கல்யாணராமனை உங்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒருநாள் இங்கே சீட்டாட வருவானே, அவன்தான். அவனுடைய அக்கா நீரஜா. அக்கா புருஷன் ஸ்ரீவத்சன், தரமணியில் ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் இன்ஜினியர். சித்திரக்குளத்துப் பக்கம் வீடு. ஒரே பெண். ஸஹானா என்று பெயர், ஐந்து வயது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. அதனால் அந்த வீட்டில் கடிகாரம்கூட அவளைக் கேட்டுத்தான் ஓடும்.

ஸ்ரீவத்சனுக்குக் கார் வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கடைசியில் கோட்டூர்புரத்தில் ராமானுஜம் என்ற ரிடையரான பெரியவரிடம் ஒரு பழைய ஃபியட் கிடைத்தது. வண்டியில் என்ன விசேஷம் என்றால்... அமைதி. பழைய ஃபியட் எப்படி ஓடும்? பாத்திரக் கடையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது போல இருக்குமல்லவா? இது அப்படி இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே லஸ் கார்னர் இருப்பதே தெரியாது. தரை, கதவு, கூரை எல்லாவற்றுக்கும் உள்பக்கம் தார் ஷீட்டும் கம்பளியும் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது.

“நானே ஒட்டினேன். என் கையால” என்றாராம் ராமானுஜம். வேறொன்றும் சொல்லவில்லை.

கேசவப் பெருமாள் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டு, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இனி அந்த மத்தியானம். கோட்டூர்புரத்தில் சொந்தக்காரர் வீட்டில் விருந்து. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஸஹானா பின்சீட்டில். அவள் பக்கத்துக் கதவைச் சாத்தியது நீரஜா. சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். வண்டி ஆற்றோர ரோட்டில் திரும்பியது. புருஷனும் பெண்டாட்டியும் பாயசத்தில் சர்க்கரை தூக்கல் என்று பேசிக்கொண்டே போனார்கள். வழக்கமாக ஓயாமல் பேசும் குழந்தை, வெயிலில் தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார்கள்.

ஸ்ரீவத்சன் தற்செயலாகக் கண்ணாடியில் பார்த்தார்.

ஸஹானாவின் வாய் அகலத் திறந்திருந்தது. முகம் கருஞ்சிவப்பு. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. ஒரு கையால் முன்சீட்டின் முதுகில் படபடவென்று அடிக்கிறாள். கத்துகிறாள்... கத்திக்கொண்டே இருக்கிறாள்... வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. என்ஜினின் மெல்லிய உறுமல் மட்டும்.

பிரேக் போட்டு இறங்கி ஓடினார். இன்னொரு கையின் இரண்டு விரல்கள் கதவிடுக்கில். நீரஜா சாத்தியபோதே மாட்டியவை. கதவைத் திறந்த பிறகுதான் குழந்தையின் குரல் வெளியே வந்தது. கத்திக் கத்திக் கம்மிப்போன குரல்.

“அப்பா... கத்தினேனே... நீ ஏன்பா திரும்பவேயில்லை?”

அந்த ஆள் அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாராம். கையெட்டும் தூரத்தில் பெற்ற குழந்தை துடிக்கிறது, நாம் பாயசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நகம் விழுந்ததோடு போயிற்று. ஆனால் வீட்டில் அமைதி போய்விட்டது. கல்யாணராமனைக் கூப்பிட்டு, அவனைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். அவன் பேசியது நன்றாகக் கேட்டது. நீரஜா பேசினாள், கேட்டது. ஸஹானாவை உட்காரவைத்தார்கள். உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

“இந்த வண்டி வேண்டாம். வித்துடுங்கோ” என்றாள் நீரஜா.

“குழந்தைக் குரல் மெல்லிசு. அத்தனை ஷீட் இருந்தா அதை உறிஞ்சிக்கும். உரிச்சுப் போட்டா சரியாப் போயிடும்” என்றார் ஸ்ரீவத்சன். இன்ஜினியர் இல்லையா, விளக்கம் சட்டைப் பையிலேயே இருந்தது. கல்யாணராமனும் ஆமாம் போட்டான். அத்திம்பேர் சொல்லுக்கு மறுசொல் சொல்லிப் பழக்கமில்லை அவனுக்கு.

அடையாறில் ஒரு சந்துக்குள் லாசர் என்பவரின் டிங்கரிங் ஷெட். ஊரூர் குப்பத்துக்காரர். மனைவி ரோஸி மீன் விற்கிறாள். மச்சான் பிரசாத் கடலுக்குப் போகிறான். குடும்பத்தில் லாசர் மட்டும் தகரம் தட்ட வந்துவிட்டார். காலையில் வண்டியை விட்டார்கள். ஸ்ரீவத்சனும் கல்யாணராமனும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். குழந்தை வீட்டில் அம்மாவோடு.

சீட்டைக் கழற்றி, மிதியடியைச் சுருட்டி எடுத்துவிட்டு லாசர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“இன்னா சார் இது! தோசை மேல தோசை கணக்கா ஒட்டி வெச்சிகீறாரு. சத்தம் வராம இருக்க ஒரு ஷீட்டு போதும் சார். இவரு இன்னாத்த அடக்கப் பாத்தாரு?”

“எல்லாத்தையும் எடுத்துடுங்கோ. தகரம் தெரியணும்” என்றார் ஸ்ரீவத்சன்.

இந்த வேலை எப்படி என்றால், பம்ப் அடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் விளக்கின் சுவாலையை ஷீட்டின் மேல் அப்படியும் இப்படியும் காட்ட வேண்டும். தார் இளகியதும் பட்டைத் தகட்டை அடியில் செலுத்தி நெம்பி உரிக்க வேண்டும். கடைசியில் தகரத்தோடு கிடக்கும் பசையை, மண்ணெண்ணெய் நனைத்த சாக்குத் துணியால் தேய்த்து எடுப்பார்கள். நாற்றம் தலைவலியைக் கொண்டுவரும். உரித்ததை லாசர் எறிவதில்லை. சாக்கில் கட்டி மச்சானுக்குக் கொடுத்துவிடுவார். குப்பத்தில் அதைத் தகர டின்னில் போட்டுக் காய்ச்சி, மரப்படகின் பலகை இடுக்கை அடைப்பார்கள். காசு கொடுத்துத் தார் வாங்குவானேன்?

முதல் ஷீட்டை உரித்தார். ச்ர்ர்ர்... என்று பிரிந்து வந்தது. பாதியில் லாசரின் கை நின்றது.

“சார், பாப்பாவ கூட்டிகினு வந்தீங்களா?”

“இல்லையே.”

“இல்ல... கூப்ட்ச்சே.”

விளக்கை அணைத்தார். அந்த ‘உஸ்’ஸும் நின்றது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். லாசர் தகட்டை மெதுவாக, மிக மெதுவாக உள்ளே தள்ளினார். ஷீட் பிரியப் பிரிய...

“அப்பா... கை... அப்பா... கை...”

அந்த மத்தியானம் ரோட்டில் கேட்காமல் போனது அத்தனையும், அந்தத் தாருக்குள்ளிருந்து. தகட்டை நிறுத்தினால் சத்தம் நிற்கிறது. தள்ளினால் வருகிறது.

லாசர் சிலுவை போட்டுக்கொண்டார். “வேணாம் சார். எனக்கு இது சரியா படல. வண்டிய எட்த்துகினு போய்டுங்க.”

கல்யாணராமனும் ஸ்ரீவத்சனின் கையைப் பிடித்து இழுத்தான். ஸ்ரீவத்சன் கேட்கவில்லை. உள்ளே மாட்டியிருப்பது என் குழந்தையின் குரல், முழுக்க உரித்தால்தான் வெளியே வரும் என்று அவருக்கு மனதில் விழுந்துவிட்டது. தகட்டைப் பிடுங்கித் தானே உரிக்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் லாசரும் கூடச் சேர்ந்தார்.

மேல் அடுக்கில் இருந்த ஸஹானாவின் குரல், உரித்த தாரோடு சாக்குக்குள் போயிற்று. அடுத்த அடுக்கு, கம்பளி. அதில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஆக அடியில் இருந்த தார், தகரத்தோடு தகரமாக வெந்து போயிருந்தது. அதை நெம்பியபோது மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறி வேறொரு வாடை வந்ததாம். வெயிலில் விளையாடிவிட்டு வந்த குழந்தையின் தலையில் வருமே, அந்த வியர்வை வாடை.

“தாத்தா... கதவு தெறக்கலை, தாத்தா...”

பையன் குரல். கத்தலே இல்லை. களைத்துப்போய், தூக்கம் வருகிற மாதிரி.

கடைசிப் பசையையும் துடைத்தார்கள். வெறும் தகரம் பளிச்சென்று தெரிந்தது. அப்போது பின்கதவு ‘டக்’ என்று தானாகத் திறந்துகொண்டது. காற்று இல்லை. யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது, யாரோ இறங்கிப் போன மாதிரி.

திரும்பி வரும்போது வண்டி தடதடவென்று அதிர்ந்தது. நட்டு, போல்ட்டு, கண்ணாடி, எல்லாம் பேசின. ஸ்ரீவத்சனுக்கு அந்தச் சத்தம் சந்தோஷமாக இருந்ததாம். “இனிமே அவ மூச்சு விட்டாக்கூடக் கேக்கும்டா” என்றாராம் கல்யாணராமனிடம்.

வீட்டுக் கதவைத் திறந்தது ஸஹானா. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“தாத்தா வரலையா?”

ஷெட்டில் கேட்ட அதே குரல்.

நீரஜா உள்ளே சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். மத்தியானத்திலிருந்து இப்படித்தான் என்று சைகை காட்டினாள். சளி, தொண்டைக்கட்டு என்று டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள். தொண்டையில் ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். குழந்தை சாப்பிட்டாள், விளையாடினாள், சிரித்தாள். எல்லாம் அவள்தான். வாயைத் திறந்தால் மட்டும் யாரோ ஒரு பையன். ராத்திரி நீரஜா தன் பெண்ணைக் கட்டிக்கொண்டு படுப்பாள். அது இருட்டில் பேசினால் எழுந்துபோய்க் கூடத்தில் உட்கார்ந்துகொள்வாளாம். தாய்க்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

கல்யாணராமனும் ஸ்ரீவத்சனும் கோட்டூர்புரத்துக்குப் போனார்கள். ராமானுஜம் வாசலிலேயே நின்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“எது வரைக்கும் எடுத்தேள்?”

“தகரம் தெரியற வரைக்கும்.”

பெரியவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பெண் வயிற்றுப் பேரன், ஸ்ரீகிருஷ்ணா. லீவுக்கு வந்தவன். மே மாதம். இவர் ஃபேனுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தார். பையன் காரில் ஏறி விளையாடியிருக்கிறான். கதவு இறுகிக்கொண்டது...

“காரியமெல்லாம் ஆனப்புறமும் வண்டிக்குள்ளேர்ந்து கூப்பிட்டுண்டே இருந்தான். யாருக்கும் கேக்காது, எனக்குக் கேக்கும். ஒரு ஷீட் ஒட்டினேன், கொறைஞ்சுது. இன்னொண்ணு ஒட்டினேன். ஒருநாள் ஒரேயடியா நின்னு போச்சு. அதுக்கப்புறம் அந்த நிசப்தத்தை என்னால தாங்க முடியலை. அதான் வித்தேன்.”

ஸ்ரீவத்சனுக்குக் கோபம் தலைக்கேறியது. “என் குழந்தையோட குரல் எங்கே? அதைச் சொல்லும்.”

“உரிச்ச தாரை என்ன பண்ணினேள்?”

அப்போதுதான் அவருக்குச் சாக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் வண்டியில் ஏறினார். பெரியவர் பின்னாலேயே கேட் வரை வந்தார். “ஒரே ஒரு தடவை... அவன் பேசறதைக் கேட்டுட்டுப் போயிடறேனே” என்று கெஞ்சினார். இவர் வண்டியை எடுத்துவிட்டார். பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றதைக் கல்யாணராமன் பார்த்திருக்கிறான்.

லாசர் ஷெட்டில் சாக்கு இல்லை. அன்றைக்கே குப்பத்துக்குப் போய்விட்டது. பிரசாத் அதை டின்னில் போட்டுக் காய்ச்சிப் படகு அடியில் பூசி, இரண்டு மூன்று தடவை கடலுக்கும் போய் வந்துவிட்டான்.

“உங்கள தேடி நானே வர்லாம்னு இருந்தேன் சார்” என்றார் லாசர். “படகுல ஏற மாட்டேன்றானுங்க. நடுக்கடல்ல கீழேர்ந்து கொயந்த அழுவுதாம். ‘அப்பா அப்பா’ன்னு.”

மறுநாள் விடியும் முன்பே ஸ்ரீவத்சன் பிரசாத்தின் படகில் ஏறினார். கரை மறைந்ததும் பலகையில் குப்புறப் படுத்துக் காதை வைத்தார். கேட்டது. “அப்பா... கை...” என்று கேட்டது. “இருக்கேன்மா, இங்கேதான் இருக்கேன்” என்றார். அழுகை நின்றதாம்.

அதன் பிறகு தினமும் போனார். ஆபீஸ் போவதை விட்டுவிட்டார். தாரைச் சுரண்டி எடுத்துப் பார்க்கலாம் என்று கல்யாணராமன் சொன்னான். காய்ச்சிய தார் மரத்துக்குள் இறங்கிவிட்டது, சுரண்டினால் பலகைதான் வரும் என்றான் பிரசாத். ஸ்ரீவத்சன் படகின் அடியோடு பேசுவார். அது பதில் சொல்லும். ஸ்கூல் திறந்தாச்சா என்று கேட்குமாம். இவர் திறந்தாச்சு என்பாராம். பிரசாத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். பாவம், அவனும் என்ன செய்வான்? அதில்தான் அவன் பிழைப்பு.

ஒருநாள் கீழேயிருந்து குரல் சொன்னது: “அப்பா, நாளைக்கு வரச்சே என்னையும் அழைச்சுண்டு வா.”

“சரிம்மா” என்றார் ஸ்ரீவத்சன். பிரசாத் படகைக் கரைக்குத் திருப்பினான்.

மறுநாள் விடிவதற்கு முன் நீரஜா கல்யாணராமனுக்குப் போன் செய்தாள். “குழந்தையைக் காணோம். இவரையும் காணோம்.” அவன் ஆட்டோ பிடித்து ஊரூர் குப்பத்து மணலில் ஓடினான். கடலில் வெளிச்சம் வரவில்லை. மீன் வாடை, தார் வாடை. படகு பாதித் தண்ணீரில் நின்றது. பிரசாத் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் லாசர்.

“தள்ள மாட்டேன் சார். என்னா வேணா பண்ணிக்கங்க.”

ஸ்ரீவத்சன் கணுக்கால் தண்ணீரில், தோளில் குழந்தையோடு. “அங்கே கூட்டிண்டு போனா அவ குரல் அவளுக்கு வந்துடும் பிரசாத். ஒரே ஒரு தடவை தள்ளு. உன் காலில் விழறேன்.” அப்படிக் கெஞ்சுகிற ஆளே இல்லை அவர்.

படகின் அடியிலிருந்து, அலைச் சத்தத்துக்கு நடுவில், மெதுவாக: “அப்பா... வந்துட்டியா?”

தோளில் இருந்த குழந்தை தலையைத் தூக்கியது. பிரசாத்தைப் பார்த்தது.

“தள்ளாதீங்கோ மாமா” என்றது அந்தப் பையன் குரல். “அவ வந்துட்டா நான் எங்கே போவேன்? திரும்பக் கார்லயா?”

லாசர் முகத்தைப் பொத்திக்கொண்டார். குழந்தை இரண்டு கையாலும் ஸ்ரீவத்சனின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது. இத்தனை நாளில் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடாத குரல், அவர் காதோடு சொன்னது:

“அப்பா, என்னை விட்டுடாதே.”

ரொம்ப நேரம் அப்படியே நின்றாராம். ஒரு கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. எந்தக் குழந்தை என்று அந்தக் கைக்கு எப்படித் தெரியும்? தான் பெற்ற உடம்பு, தான் பெற்ற சூடு... பயந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். படகு கூப்பிட்டது. ஒரு தடவை, இன்னொரு தடவை... அப்புறம் அந்த மத்தியானம் போலவே கத்த ஆரம்பித்தது. குப்பத்தில் நாய்கள் எழுந்து ஊளையிட்டன. கல்யாணராமன் காதைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ஸ்ரீவத்சன் திரும்பவில்லை.